கூண்டு வேண்டாத சிலை

திருநெல்வேலியில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற ஒரு தலைவரையாவது பார்க்காமல் போக முடியாது. வெளியூர் நண்பர்கள் வந்தால் கேட்பார்கள், "என்னப்பா, தலைவரையெல்லாம் ஜெயில்ல போட்டு வச்சிருக்கீங்க?" என்று. நமக்குப் பழகிவிட்டது. தொண்ணூறுகளில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். சிலைக்கு அவமரியாதை என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் பஸ் ஓடாது. சிலையைக் காப்பாற்ற வந்த கூண்டு, பிறகு சிலையோடு சேர்ந்தே வருகிற சாமான் ஆகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் சீவலப்பேரிக்காரர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணாச்சி ஒரு யோசனை போட்டார். அமைதிக்கான நோபல் பரிசு வாங்கின நாலைந்து பேருக்கு நம்ம பக்கம் சிலை வைத்தால் என்ன, பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ளுமே என்று. வழக்கம்போல நாற்பது கட்டைவிரல், பத்து கும்பிடு. "எப்படி வைப்பது?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். யோசனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் விஷயம் சுவாரசியமானது.

முதலில் யாருக்கு என்ற கேள்வி. காந்திக்குத்தான் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். காந்திக்கு அந்தப் பரிசு கிடைக்கவே இல்லை. 1937, 1938, 1939, 1947, 1948 என்று ஐந்து முறை அவர் பெயர் போனது. 1948 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். தகுதியான, உயிரோடு இருக்கிற ஆள் யாரும் இல்லை என்று அந்த வருஷம் பரிசையே கொடுக்காமல் விட்டார்கள். உலகத்திலேயே அதிகமாகச் சிலை உள்ள அமைதிக்காரர் பரிசுப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கிற முக்கால்வாசிப் பேரை நம் ஊரில் யாருக்கும் தெரியாது.

தெரியாதவருக்கு எதற்குச் சிலை என்றால் நியாயமான கேள்வி. அதனால் நம் மண்ணில் கால் வைத்தவர்கள் யார் என்று தேடினேன். எதிர்பார்த்ததைவிட நல்ல அறுவடை. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு ஒன்று நடந்தது. கல்லூரி அந்த இடத்துக்கு மாறி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாநாட்டுத் தலைவர் ஜான் மோட், அமெரிக்கர். 1946இல் அமைதிப் பரிசு பெற்றார். அதே மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் இருந்து ஒரு பிரதிநிதி கப்பல் ஏறி வந்தார். பெயர் ஆல்பர்ட் லுதூலி. ஜூலு இனத்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஊர்த் தலைவர் ஆனவர். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர். 1960ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசைப் பெற்றார். அந்தப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். ஒரே மாநாட்டுப் பந்தலில் வருங்காலப் பரிசுக்காரர்கள் இரண்டு பேர்!

அடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1959இல் மனைவியோடு இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்தார். சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் அங்கே பார்த்ததைப் பிறகு பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, தலைமையாசிரியர் பிள்ளைகளிடம் இவரை அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிற ஒரு சக தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் கிங்குக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு யோசித்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதாக 1965இல் சொன்னார். நம் மாவட்டத்தில் அவருக்குச் சிலை வைத்தால் கீழே எழுதவேண்டிய செய்தி இதுதான் என்பது என் கட்சி. 1964இல் பரிசு கிடைத்தது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

இன்னொன்று, உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேண்டாம். ஆங் சான் சூ கீக்கு 1991இல் பரிசு கொடுத்தபோது உலகமே கொண்டாடியது. ரோஹிங்கியா விவகாரத்துக்குப் பிறகு 2017இல் ஆக்ஸ்போர்டு நகர மன்றம் தான் கொடுத்த கௌரவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது, அடுத்த வருஷம் ஆம்னெஸ்டியும் அதையே செய்தது. எத்தியோப்பியாவின் அபிய் அகமதுக்கு 2019இல் பரிசு, 2020 நவம்பரில் டிக்ராய் யுத்தம். கௌரவத்தை ஒரு தீர்மானம் போட்டுத் திரும்ப வாங்கலாம். வெண்கலத்தைக் கிரேன் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த விதியை மீறியும் நன்றாக அமைந்த ஒரு இடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் உருப்படியாகப் படிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

கேப் டவுன் துறைமுகத்தில் விக்டோரியா - ஆல்பிரட் வாட்டர்ஃப்ரன்ட் என்று கடைகளும் ஹோட்டல்களும் நிறைந்த பகுதி உண்டு. அதற்குள்ளே நோபல் சதுக்கம். தென்னாப்பிரிக்காவின் நான்கு அமைதிப் பரிசுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்: லுதூலி, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு (1984), டி கிளார்க், நெல்சன் மண்டேலா (இருவரும் 1993). பின்னால் மேசை மலை. திறந்த தேதி 2005 டிசம்பர் 16. அப்போது நான்கு பேரில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்தத் தேதியிலேயே ஒரு திட்டமிடல் இருக்கிறது. டிசம்பர் 16 என்பது வெள்ளை ஆப்பிரிக்கானர்களுக்கு 1838இல் ஜூலுக்களை ஒரு போரில் ஜெயித்த நாள். அவர்கள் ஆட்சியில் அது விடுமுறை. கறுப்பர்களுக்கு 1961இல் ஆயுதப் போராட்டம் தொடங்கிய நாள். 1994க்குப் பிறகு வந்த அரசு அந்த நாளை ஒழிக்கவில்லை, நல்லிணக்க நாள் என்று பெயர் மாற்றி இருதரப்புக்கும் பொதுவாக்கியது. நம் ஊரில் சிலை திறப்பு என்றால் பிறந்தநாள் அல்லது நினைவுநாள். அந்த நாளில் யார் முதலில் மாலை போடுவது என்பதில் ஆரம்பிக்கும் பிரச்சினை. தேதியை எவ்வளவு யோசித்து எடுக்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

சிலைகளைச் செய்தவர் கிளாடெட் ஷ்ரூடர்ஸ். இவர் கோட்டுசூட்டுப் போட்ட பிரம்மாண்ட மனிதர்களைச் செய்து பழகியவர் இல்லை. மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய குட்டையான, கொஞ்சம் பொம்மைத்தனமான உருவங்கள்தான் இவர் கைவேலை. அந்தச் சாயல் வெண்கலத்திலும் வந்திருக்கிறது. தலை சற்றுப் பெரிது, உடம்பு சற்றுக் குள்ளம். மண்டேலா இப்படியா இருப்பார் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆளுயரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, பீடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவரவர் சொன்ன வாசகம் காலடியில் தரையில் பதித்திருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் நடுவில் போய் நின்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு பேரும் ஆண்கள். போராட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் எங்கே என்ற கேள்விக்கு இடம் வைத்து, லிம்போபோ பகுதியைச் சேர்ந்த நோரியா மபாசா என்ற பெண் சிற்பி செய்த 'அமைதியும் ஜனநாயகமும்' என்ற ஐந்தாவது சிற்பம் ஒன்றும் அங்கேயே நிற்கிறது. பரிசுப் பட்டியலில் விட்டுப்போனதைப் பக்கத்தில் வைத்துச் சரிக்கட்டிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது டி கிளார்க் விஷயத்துக்கு வருவோம். நிறவெறி ஆட்சியின் கடைசி அதிபர். மண்டேலாவை 1990 பிப்ரவரியில் விடுதலை செய்தவரும் அவர்தான். லுதூலியை ஊரைவிட்டு நகரக்கூடாது என்று வருஷக்கணக்கில் தடை போட்டு வைத்தது அவருடைய கட்சி. அவர்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில்! 2020இல் டி கிளார்க், நிறவெறி மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்வதற்கில்லை என்கிற மாதிரிப் பேசிப் பெரிய சண்டையாகி, பிறகு அவருடைய அறக்கட்டளை அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றது. 2021இல் இறந்தார். தனியாக ஒரு நாற்சந்தியில் பத்தடிப் பீடத்தில் நின்றிருந்தால் அந்தச் சிலைக்குக் கூண்டோ கிரேனோ தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். வரிசையில் நிற்கிறபோது அவரைப் பற்றிய தீர்ப்பைப் பக்கத்தில் நிற்கிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். "இவர் எங்க ஆளு" என்று அந்த வரிசையை எந்தக் கூட்டமும் மொத்தமாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

நம் பக்கத்துக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். தனிச்சிலை வைத்தால் அது யாருடையது என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஒரே உயரத்தில், தரைமட்டத்தில், சேர்ந்தாற்போல நிற்கிற நாலு பேருக்கு அந்தக் கேள்வி சீக்கிரம் வராது. (எங்கள் ஊர் முக்கூடற்பள்ளு பிறந்த ஊர். அதில் முக்கூடல் மூத்த பள்ளியும் மருதூர் இளைய பள்ளியும் சாமியை வைத்து ஏசித் தீர்த்துவிட்டுக் கடைசியில் சமாதானம் ஆகிவிடுவார்கள். இருவரையும் ஒரே வீட்டில் வைத்ததால் வந்த சமாதானம்தானே!)

சிற்பியிடம் வேலை கொடுப்பது தனிக் கதை. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் என்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடாவிட்டால் கடைசியில் அடிதடிதான். சிலைக்கும் அதே. தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது பாருங்கள்: பிரிட்டோரியாவில் அரசு மாளிகை முன்னால் 9 மீட்டர் உயர மண்டேலா, 2013 டிசம்பர் 16இல் திறந்தார்கள். கொஞ்ச நாளில் காதுக்குள் ஒரு சின்ன முயல் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். சிலையில் தங்கள் பெயரைப் பொறிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அடையாளத்துக்கு முயலை வைத்தோம் என்றார்கள் சிற்பிகள். ஆப்பிரிக்கான் மொழியில் முயலுக்கும் அவசரத்துக்கும் ஒரே சொல், அவ்வளவு அவசரப்படுத்தினார்களாம். அரசு மன்னிப்புக் கேட்கச் சொல்லி முயலை எடுக்க வைத்தது. கால் பக்கத்தில் அரை அங்குல எழுத்தில் பெயர் போட விட்டிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

வாஷிங்டனில் உள்ள கிங் நினைவிடம் இன்னும் பெரிய பாடம். அவர் படித்த காலத்தில் சேர்ந்திருந்த மாணவர் சங்கம் 1984இல் யோசனை சொல்லி, 1996இல் அனுமதி வந்து, 2011இல்தான் திறந்தது. 30 அடி, செலவு சுமார் 12 கோடி டாலர். சிற்பி சீனாவைச் சேர்ந்த லெய் யிசின். கல்லும் சீனக் கல். இதற்கே ஏகப்பட்ட எதிர்ப்பு. மாதிரியைப் பார்த்த கலை ஆணையம் முகம் முறைப்பாக இருக்கிறது என்று திருத்தச் சொன்னது. படத்தையும் வார்த்தைகளையும் பயன்படுத்த கிங் குடும்பத்தாருக்குச் சுமார் 8 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இடம் போதவில்லை என்று அவர் பிரசங்க வரி ஒன்றைச் சுருக்கிப் பொறித்தார்கள். மூலத்தில் "நீங்கள் என்னை அப்படிச் சொல்ல விரும்பினால்" என்கிற பணிவு இருந்தது. சுருக்கியதில் அது போய்த் தற்பெருமை ஆகிவிட்டது. ஊரே திட்டி, 2013இல் அந்த எழுத்தைச் செதுக்கி அழித்தார்கள். கல்லில் தவறு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதனால் வாசகத்தை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற இடத்தைச் சிற்பியிடம் கேட்க வேண்டும். நோபல் பதக்கத்தின் உருவத்தைப் பீடத்தில் பதிக்கும் ஆசையும் வேண்டாம், அது பதிவு செய்த வணிகக்குறி.

சிற்பி யார்? கல் என்றால் பக்கத்திலேயே மயிலாடி இருக்கிறது. குமரி வள்ளுவர் சிலைக்கு ஆன சுமார் 7000 டன் கல்லில் பெரும்பகுதி நம்ம அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல். உலோகம் என்றால் சுவாமிமலை. ஆனால் ஒன்று கவனிக்கணும். கோயில் ஸ்தபதிக்குப் படித்துக்கொடுத்தது தாலக் கணக்கு. முகம் இத்தனை பங்கு, உடம்பு இத்தனை பங்கு என்று ஒரு இலட்சிய அளவு. லுதூலியின் மூக்கும் தாடையும் அந்தக் கணக்கில் வராது. நம் ஊர்ச் சிலைகள் பலவற்றில் கீழே பெயர் எழுதாவிட்டால் ஆள் யாரென்று தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உருவச்சிலைக்குப் பழகின கை வேறு. சென்னை மெரினாவில் 1959இல் நேரு திறந்த காந்தி சிலையைச் செய்தவர் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்த நடையைப் பார்த்தாலே தெரியும், முகத்தை மறைத்தாலும் அது காந்திதான். களிமண் மாதிரி முடிந்ததும் அதைப் படம் எடுத்து, அந்த மனிதரை நன்றாகத் தெரிந்தவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். லுதூலி என்றால் அவர் வாழ்ந்த குரூட்வில் ஊரில் அவர் வீடே அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் போடலாம். பணம் கொடுத்தவர்கள் மட்டும் உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தால், "கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க, கொஞ்சம் கலரா வைங்க" என்றுதான் போகும்.

உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளுயரச் சிலைக்கு, உடையோடு மேற்பரப்பு தோராயமாக 2.5 சதுர மீட்டர் என்று வைப்போம். உள்ளே பொள்ளலாக 6 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தால் 0.015 கன மீட்டர் வெண்கலம். ஒரு கன மீட்டர் சுமார் 8800 கிலோ, ஆக 130 கிலோ சொச்சம். உற்சவர் மாதிரிக் கனமாக வார்த்தால் அதே உருவம் 700 கிலோவுக்குக் கிட்ட வரும். உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் பரப்பு நாலு மடங்கு, பொள்ளல் வார்ப்பிலேயே 530 கிலோ. அதுக்கு மேல் உள்ளே இரும்புச் சட்டம், கனம் கூட்டல், பெரிய அஸ்திவாரம். பன்னிரண்டு அடியில் ஒருவரை நிறுத்தும் உலோகத்தில் ஆளுயரத்தில் நான்கு பேரை நிறுத்திவிடலாம். சிமெண்டில் செய்து தங்கக் கலர் பெயிண்ட் அடிப்பது மலிவுதான். பத்து வருஷத்தில் விரல் உதிர்ந்து கம்பி தெரியும். விரல் உதிர்ந்ததா, உடைத்தார்களா என்று கேட்க ஆரம்பித்தால் நம் மாவட்டத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடம்தான் கடைசி முடிச்சு. சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடம் எதிலும் இனிமேல் சிலைக்கு மாநில அரசு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18இல் உத்தரவு போட்டது. கேரளத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு சிலை பற்றிய வழக்கில் வந்த உத்தரவு அது. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், பொது இடங்களில் இருக்கிற சிலைகளை எடுத்துத் தலைவர்கள் பூங்கா ஒன்றில் வைத்து, பராமரிப்புச் செலவைச் சிலை வைத்தவர்களிடம் வாங்கச் சொன்னது. நம்ம வள்ளியூரிலேயே காய்கறிச் சந்தை வாசலில் கலைஞர் சிலை வைக்க அனுமதி கேட்டு மாநில அரசே போனபோது, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்து, பொதுப் பணத்தை இதற்கு ஏன் செலவழிக்கிறீர்கள் என்று கேட்டது. அரசுக்கே கிடைக்காதது வாட்ஸ்அப் குழுவுக்கா கிடைக்கப் போகிறது? ஆகவே பஸ் ஸ்டாண்டு முக்கு, பாலத்துத் தலைப்பு எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். ஆற்றங்கரையும் வேண்டாம். தாமிரபரணியும் சிற்றாறும் சேருகிற ஊர் இது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேட்டால் வீட்டுச் சுவரைக் காட்டுவார்கள்.

மிச்சம் இருப்பது பள்ளிக்கூடம், கல்லூரி, நூலகம் மாதிரி வளாகம் உள்ள நிறுவனங்கள். அதற்கும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வாங்கி, கலெக்டர் ஆபீசிலும் காவல் துறையிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. காம்பவுண்டுக்குள் என்பதால் கூண்டு தேவையில்லை என்பது ஒரு லாபம். பிள்ளைகள் தினமும் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்பது இன்னொரு லாபம், ஆனால் நம்ம சித்திரை வெயிலில் வெண்கலத்தில் கை வைத்தால் கொப்புளம்தான். ஒரு வேம்போ புங்கையோ நிழல் விழுகிற மாதிரி நட வேண்டும். மரம் வந்தால் காக்கா வரும், காக்கா எச்சத்தில் உள்ள அமிலம் வெண்கலத்தை அரிக்கும். ஆக வருஷம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மெழுகு பூச ஒரு ஆளும் பணமும் வேண்டும். திரட்டுகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று பேங்கில் டெபாசிட் போட்டுவிட்டு மீதியில் எத்தனை சிலை வருமோ அத்தனை செய்யலாம் என்று குழுவில் எழுதினேன். நாலு பேருக்கு முடியாது, ரெண்டு பேருக்குத்தான் வரும் போலிருக்கிறது என்றார் அந்த அண்ணாச்சி. என் ஓட்டு லுதூலிக்கும் கிங்குக்கும்.